ஆர்டரும் பெட்டியும் ஒத்துப்போகிறதா? எண் பட்டியல்களை ஒப்பிடும் லூப்பைச் சரிசெய்வது

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கம் ஷூ கம்பெனி வேலை தெரியாதவர்கள் குறைவு. நம் கணக்கும் அங்கேயே இருக்கட்டும். ஆர்டரில் கேட்ட சைஸ்கள் ஒரு பட்டியல், பெட்டியில் அடுக்கிய ஜோடிகள் இன்னொரு பட்டியல். கேட்டதெல்லாம் பெட்டியில் இருக்கிறதா என்று பைத்தான் சொல்ல வேண்டும். (கட்டளைச் சொற்களைத் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன், எடிட்டரில் வழக்கம்போல அடித்துக்கொள்ளுங்கள்.)

ஆர்டர் = [6, 7, 8, 8, 9]
பெட்டி = [9, 8, 6, 8, 7]

புதிதாகப் படிப்பவர்கள் பெரும்பாலும் முதலில் எழுதுவது இதைத்தான்:

ஃபார் அ இன் ஆர்டர்:
    ஃபார் ப இன் பெட்டி:
        இஃப் அ == ப:
            பிரிண்ட்(அ, "இருக்கு")
        எல்ஸ்:
            பிரிண்ட்(அ, "இல்லை")

ஓட்டிப் பாருங்கள். 25 வரி வரும், அதில் 18 வரி "இல்லை". பெட்டியிலோ எல்லாமே இருக்கிறது!

ஒரு தாளை எடுத்து 6-க்கு மட்டும் எழுதிப் பார்ப்போம். முதலில் 9 வருகிறது: இல்லை. 8: இல்லை. 6: இருக்கு. அடுத்த 8: இல்லை. 7: இல்லை. கோளாறு எங்கே என்று புரிகிறதா? பெட்டியில் முதல் ஜோடியைப் பார்த்ததுமே "6 இல்லை" என்று கைவிரிக்கிறது நிரல். "இருக்கு" என்று சொல்ல ஒரு ஜோடி கண்ணில் பட்டால் போதும். "இல்லை" என்று சொல்ல வேண்டுமானால் பெட்டி முழுக்கப் பார்த்திருக்க வேண்டும். ஆகவே அந்தத் தீர்ப்பு உள் லூப்புக்கு வெளியே வர வேண்டும்:

ஃபார் அ இன் ஆர்டர்:
    கிடைத்தது = ஃபால்ஸ்
    ஃபார் ப இன் பெட்டி:
        இஃப் அ == ப:
            கிடைத்தது = ட்ரூ
            பிரேக்
    இஃப் நாட் கிடைத்தது:
        பிரிண்ட்(அ, "இல்லை")

இரண்டாவது வரி எங்கே இருக்கிறது என்று கவனியுங்கள். அதை வெளி லூப்புக்கு மேலே தூக்கிப் போட்டால், 6 கிடைத்த உடனே ட்ரூ ஆகி அப்படியே நின்றுவிடும். அப்புறம் 11 கேட்டிருந்தாலும் நிரல் வாயைத் திறக்காது. எர்ரர் எதுவும் வராததால் இதைக் கண்டுபிடிக்கத்தான் நேரம் பிடிக்கும்.

"இஃப் அ நாட் இன் பெட்டி" என்று ஒரே வரியில் முடிக்கலாமே என்பீர்கள். தாராளமாக. ஆனால் ஒரு தடவையாவது லூப்பைக் கையால் எழுதிவிட்டு அதற்குப் போங்கள்.

சரி, இப்போது பெட்டியை [9, 8, 6, 7] என்று மாற்றுங்கள். ஒரு 8 குறைகிறது, நிரலோ எல்லாம் சரி என்கிறது. ஒரே 8-ஐ இரண்டு முறை எண்ணிக்கொள்கிறது. செட்டாக (ஒவ்வொரு எண்ணையும் ஒரு முறை மட்டும் வைத்துக்கொள்ளும் தொகுப்பு) மாற்றினாலும் இதே கதை, இரட்டைகள் காணாமல் போகும். எடுத்ததை ஒதுக்கி வைப்பதுதான் வழி:

மீதி = பெட்டி.காப்பி()
ஃபார் அ இன் ஆர்டர்:
    இஃப் அ இன் மீதி:
        மீதி.ரிமூவ்(அ)
    எல்ஸ்:
        பிரிண்ட்(அ, "குறைகிறது")

கடைசியில் மீதியில் நிற்பவை கேட்காமல் போட்டவை. காப்பி போடாமல் "மீதி = பெட்டி" என்று எழுதினால் பெட்டியே காலியாகும். லூப் ஓடிக்கொண்டிருக்கும் பட்டியலிலிருந்தும் நீக்காதீர்கள்: [8, 8, 9] மீது லூப் ஓட்டி 8-களை நீக்கினால், முதல் 8 போனதும் இரண்டாவது 8 அதன் இடத்துக்கு நகரும், லூப் அதைத் தாண்டி 9-க்குப் போய்விடும்.

வரிசைப்படி ஒப்பிடுவதானால் முதலில் இரண்டின் நீளமும் சமமா என்று பாருங்கள். நீளமான பட்டியலின் இண்டெக்ஸ் (இட எண்) கொண்டு போனால், சின்னப் பட்டியல் தீர்ந்ததும் இண்டெக்ஸ் எர்ரர் வரும். இரண்டு பட்டியலையும் ஜோடி ஜோடியாக எடுத்துத் தரும் ஜிப் அதுகூடச் சொல்லாது, சத்தமில்லாமல் நின்றுவிடும். பைத்தான் 3.10 முதல் ஜிப்பில் ஸ்ட்ரிக்ட் = ட்ரூ கொடுத்தால் நீளம் மாறும்போது எர்ரர் தரும்.

எழுதி முடித்ததும் காலிப் பெட்டியையும் கொடுத்துப் பாருங்கள். முதலில் எழுதிய நிரல் ஒரு வரிகூட அச்சிடாது, உள் லூப் ஓடவே இல்லையே. திருத்தியது ஐந்து வரி தர வேண்டும்.