தாடை ஆபரேஷன் செய்தால் கழுத்து சரியாகுமா? போகும் முன் செய்ய வேண்டியவை

கீழ்த்தாடை உள்ளே போனவர்களில் பலருக்குத் தலை முன்னால் நீட்டிக்கொண்டு நிற்கும், தாடை துருத்தியவர்களில் பலருக்குக் கழுத்தின் வளைவு குறைந்து நேராக இருக்கும். இரண்டுக்கும் தொடர்பு உண்டு, எது எதை இழுத்தது என்பதுதான் அடித்துச் சொல்ல முடியாதது. அதனால் கழுத்து வலிக்காக மட்டும் தாடையை அறுத்து முன்னே பின்னே நகர்த்திக்கொள்ளக் கிளம்ப வேண்டாம். மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்தில் செம்பனைக் குலை அறுக்கிறவர் என்றால், நாள் முழுக்க அண்ணாந்து நீளக் கம்பை இழுக்கிற கழுத்து வலிக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

முதலில் கழுத்தைத் தனியாகக் காட்டுங்கள். விரல் மரத்துப்போவது, கைப்பிடி தளர்வது, நடை தடுமாறுவது எல்லாம் தாடை சமாச்சாரம் இல்லை. சுளுக்கு எடுக்கிறவரிடம் போய்க் கழுத்தை டக்கென்று திருப்பவும் விடாதீர்கள், வீட்டுப் பெரியவர்கள் கோபித்தாலும் பரவாயில்லை.

அப்புறம் பல் கிளினிக்கில் கடிதம் வாங்கி, ஈப்போ பெரிய ஆஸ்பத்திரி மாதிரி இடத்தில் தாடை அறுவை நிபுணரைப் பாருங்கள். பக்கவாட்டு எக்ஸ்ரே எடுப்பார்கள், இங்கேதான் பலர் சொதப்புகிறார்கள். பள்ளிக்கூட அசெம்பிளியில் நிற்கிற மாதிரி விறைக்காதீர்கள். எப்போதும் நிற்கிறபடி நின்று, எதிரே கண்ணாடி இருந்தால் அதில் உங்கள் கண்ணையே பார்த்து, பல்லை வழக்கம்போல் சேர்த்து, உதட்டைத் தளர விடுங்கள். அதே படத்தில் மேல் கழுத்தெலும்புகளும் தெரியும், காட்டச் சொல்லிக் கேளுங்கள்.

குறட்டை விடுவீர்களா, பகலில் தூங்கி விழுவீர்களா, அதை மறைக்கவே கூடாது. தொண்டையில் நாவடி எலும்பு என்று ஒன்று, வேறு எந்த எலும்போடும் மூட்டுச் சேராமல் தசையிலும் நாரிலும் தொங்குகிறது. கீழ்த்தாடையை முன்னால் நகர்த்தினால் நாக்கும் இதுவும் கூடவே முன்னே வரும், மூச்சுப்பாதை அகலும், தலையை அண்ணாந்து பிடிக்கிற தேவை குறையும். பின்னால் தள்ளினால் பாதை குறுகலாம், உடம்பு அதைச் சமாளிக்கத் தலையைக் கொஞ்சம் தூக்கிக்கொள்ளும். எல்லாம் சில டிகிரிதான், கூனல் நிமிர்கிற அளவுக்கு இல்லை. பின்னால்தான் தள்ளப்போகிறார்கள் என்றால், மேல்தாடையையும் சேர்த்து நகர்த்த முடியுமா, தூக்கப் பரிசோதனை வேண்டுமா என்று கேட்டுவிடுங்கள்.

பெரும்பாலும் ஆபரேஷனுக்கு முன் ஒரு வருஷமோ மேலேயோ பல்லுக்குக் கம்பி போடுவார்கள். முடிந்தபின் சில வாரம் கஞ்சி, சூப், மைலோதான், கீழுதடு மரத்திருக்கும், தலையணையை உயர்த்திப் படுக்க வேண்டும். டாக்டர் சரி என்று சொல்லும்வரை குலை அறுக்கப் போகாதீர்கள், கழுத்துப் பயிற்சியும் அவர் சொன்ன பிறகுதான்.

மாதங்கள் கழித்து எடுக்கும் எக்ஸ்ரேயிலும் முதல் தடவை நின்றபடியே நில்லுங்கள், இல்லாவிட்டால் மாறியது கழுத்தா, நீங்கள் நின்ற விதமா என்று டாக்டராலும் சொல்ல முடியாது.