செங்கோட்டைக் காற்றில் ரீபவுண்ட் பழக்குவது எப்படி: டென்னிஸ் ராட்மேனை முன்னால் வைத்து

பிராக்டிஸுக்குப் புதிதாக வரும் பிள்ளைக்கு நான் முதல் நாள் பந்து கொடுப்பதில்லை. ஒரு நாற்பது பக்க நோட்டும் பென்சிலும் கொடுப்பேன். பிள்ளையின் முகம் வாடிவிடும். வாடட்டும். பாஸ்கெட்பாலில் ரிங்குக்குள் விழாமல் தெறிக்கும் பந்தைப் பிடிப்பதுதான் ரீபவுண்ட். அதைப் பழக ஆரம்பிக்கிற இடம் அந்த நோட்டுதான்.

நான் செங்கோட்டைக்குப் பக்கத்தில், பிரானூரில், மரம் அறுக்கும் மில் ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். சாயங்காலம் ஐந்தரை மணிக்கு மேல் பாஸ்கெட்பால் சொல்லிக்கொடுக்கிறேன். இருபத்திரண்டு வருடமாக இதுதான் என் சாயங்காலம். எங்கள் கோர்ட் வெறும் சிமெண்ட் தரை, மேலே கூரை கிடையாது. மேற்கே நிமிர்ந்து பார்த்தால் புளியரைக்கு அப்பால் மலை இறங்கி ஏறும் இடம் தெரியும். கேரளாவுக்குப் போகிற வழி அதுதான். ஆனி, ஆடியில் சாரலும் காற்றும் எங்களிடம் வருகிற வழியும் அதுதான்.

நல்ல உயரமான பிள்ளைகள் எனக்கு அதிகம் கிடைப்பதில்லை. புனலூர், கொல்லம் பக்கத்து டீம்களோடு ஆடும்போது தலைக்கு மேலே அவர்கள் கை நிற்கும். "நான் குட்டையா இருக்கேன்லா சார், எனக்கு எப்படிப் பந்து கிடைக்கும்?" என்று வருடத்துக்கு ஒரு பிள்ளையாவது கேட்கும். அந்தக் கேள்விக்காகத்தான் நான் ராட்மேனைக் கையில் எடுத்தேன்.

ஆள் யார் என்று பிள்ளைகளுக்கு முதலில் சொல்லிவிடுங்கள். டென்னிஸ் ராட்மேன் 1961-ல் அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்தில் பிறந்தவர், டல்லாஸில் வளர்ந்தவர். அப்பா சின்ன வயதிலேயே குடும்பத்தை விட்டுப் போய்விட்டார். அம்மாதான் அவரையும் இரண்டு தங்கைகளையும் வளர்த்தார். பாஸ்கெட்பாலில் பெயர் வாங்கியவர்கள் அந்தத் தங்கைகள்தான். அண்ணனுக்குப் பள்ளி டீமில் நிலையான இடம்கூட இல்லை. பள்ளி முடிந்ததும் டல்லாஸ் விமான நிலையத்தில் இரவு நேரத்தில் துப்புரவு வேலை பார்த்தார். அந்த வயதில்தான் திடீரென்று வளர்ந்து 6 அடி 7 அங்குலம் ஆனார். ஓக்லஹோமாவில் ஒரு சின்னக் கல்லூரிக்கு ஆடிவிட்டு, அமெரிக்காவின் பெரிய பாஸ்கெட்பால் லீக்கான என்.பி.ஏ-வில் புது ஆட்களை எடுக்கும் வரிசையில், 1986-ல் டெட்ராய்ட் பிஸ்டன்ஸ் அணி அவரை 27-வது ஆளாகத் தேர்ந்தெடுத்தபோது வயது 25. பெரிய ஆட்டக்காரர்கள் பலர் அந்த வயதில் நாலைந்து சீசன் முடித்திருப்பார்கள்.

6 அடி 7 அங்குலம் நமக்கு மலை மாதிரி. ஆனால் அவர் பந்துக்கு மோதிய ஆட்கள் ஏழடிக்காரர்கள். ஷக்கீல் ஓ'நீல் 7 அடி 1 அங்குலம், எடையும் கூட. அவர்களுக்கு நடுவில் நின்றுதான் ராட்மேன் 1991-92 முதல் 1997-98 வரை ஏழு சீசன் தொடர்ந்து ரீபவுண்டில் லீக்கிலேயே முதலிடம் எடுத்தார். முதல் வருடம் மேட்சுக்குச் சராசரி 18.7. அந்த சீசனில் 1992 மார்ச்சில் இண்டியானாவோடு ஆடிய ஒரே மேட்சில் 34. அவர் மொத்தக் காலத்துக்குமான பாயிண்ட் சராசரி 7.3, ரீபவுண்ட் சராசரி 13.1. அதாவது ஷூட் பண்ணுவது அவருடைய வேலையே இல்லை. அடுத்தவர் தவறவிட்டதை எடுப்பதுதான் அவர் வேலை. இப்படிச் சொன்னால் பத்து வயதுப் பிள்ளைக்குக்கூடப் புரியும்.

சரி, எப்படி எடுத்தார்? பிஸ்டன்ஸ் கேப்டன் ஐசையா தாமஸ் ஒரு சம்பவம் சொல்லியிருக்கிறார். மேட்சுக்கு முன் எல்லோரும் வரிசையில் நின்று லே-அப், அதாவது ரிங்குக்குப் பக்கத்தில் ஓடிவந்து எறிவது, போட்டுக்கொண்டிருந்தபோது ராட்மேன் மட்டும் ஒதுங்கி நின்று பார்த்துக்கொண்டிருந்தாராம். ஏன் என்று கேட்டால், ஒவ்வொருவர் பந்தும் காற்றில் எத்தனை சுற்று சுற்றுகிறது என்று எண்ணுகிறேன் என்றாராம். நடுராத்திரியில் நண்பர்களை ஜிம்முக்கு அழைத்துப் போய், இங்கிருந்து எறி, அங்கிருந்து எறி என்று எறியச்சொல்லி, பந்து எங்கே தெறிக்கிறது என்று பார்த்ததை ராட்மேனே சொல்லியிருக்கிறார். என் நாற்பது பக்க நோட்டு அங்கிருந்து வந்தது.

நோட்டில் என்ன செய்ய வேண்டும் என்றால், ஒரு பக்கத்தில் ஒரு வட்டம் போடச் சொல்லுங்கள். அதுதான் ரிங். அதைக் கடிகாரமாக வைத்துக்கொள்ளுங்கள். போர்டு இருக்கும் பக்கம் 12 மணி, ஃப்ரீ த்ரோ கோட்டுப் பக்கம் 6 மணி, வலது 3, இடது 9. நீங்களோ பெரிய பிள்ளை ஒன்றோ இடது மூலையிலிருந்து ஐம்பது ஷூட் எறியுங்கள். உள்ளே விழுந்ததை விட்டுவிடலாம். விழாத ஒவ்வொன்றும் தரையில் எங்கே பட்டது என்று புள்ளி வைக்க வேண்டும். அப்புறம் வலது மூலை, அப்புறம் நேர் எதிர், கடைசியாக மூன்று பாயிண்ட் கோட்டுக்கு வெளியே.

ஒரு வாரம் போனால் நீங்கள் சொல்லாமலே பிள்ளைகள் சொல்லும். மூலையிலிருந்து எறிந்த பந்து பெரும்பாலும் எதிர்ப்பக்கம்தான் போகும். நேராக எறிந்தது எறிந்தவனை நோக்கியே திரும்பும். தூரத்திலிருந்து எறிந்தால் தூரமாகத் தெறிக்கும். தாழ்வாக, வேகமாக வரும் ஷூட் எங்கோ பாயும். உயரமாக வளைந்து வருவது ரிங்கில் பட்டுப் பக்கத்திலேயே துள்ளும். பந்து பின்பக்கமாக நன்றாகச் சுற்றி வந்தால் மெதுவாகச் சாகும், பக்கவாட்டில் சுற்றினால் யாரும் நினைக்காத பக்கம் போகும். இதை நீங்களே சொல்லிக்கொடுத்துவிடாதீர்கள். புள்ளி வைத்துக் கண்டுபிடித்ததைப் பிள்ளை மறக்காது.

எங்கள் ஊருக்கு இன்னொரு பாடம் உண்டு. பாஸ்கெட்பால் கோர்ட் வடக்கு தெற்காக இருப்பது நல்லது, சாயங்கால வெயில் கண்ணில் அடிக்காது. எங்கள் கோர்ட்டைப் போட்டவர்கள் இருந்த இடத்துக்கு ஏற்றபடி கிழக்கு மேற்காகப் போட்டுவிட்டார்கள். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை காற்று மேற்கிலிருந்து ஓயாமல் வீசும். மேற்கு ரிங்குக்கு எறியும் பந்து எதிர்காற்றில் தளர்ந்து, ரிங்கின் முன்விளிம்பில் பட்டு முன்னாலேயே விழும். கிழக்கு ரிங்கில் காற்று பின்னாலிருந்து தள்ளும், பந்து பின்விளிம்பிலோ போர்டிலோ அறைந்து நீளமாக வெளியே பாயும். ஆகவே சாரல் மாதங்களுக்குத் தனி நோட்டு, இரண்டு ரிங்குக்கும் தனித்தனிப் பக்கம். உங்கள் ஊரில் காற்று இல்லாமல் இருக்கலாம், போர்டு ஒரு பக்கம் சாய்ந்திருக்கலாம், ரிங் தளர்ந்திருக்கலாம். அதை நோட்டில் கொண்டுவாருங்கள்.

பந்து எங்கே விழும் என்று தெரிந்தால் மட்டும் போதாது, அந்த இடம் உங்களுடையதாக இருக்க வேண்டும். அதற்குத்தான் பாக்ஸ் அவுட், எதிராளியை முதுகால் மறித்து நிற்பது. ஷூட் கிளம்பிய உடனே எல்லாப் பிள்ளையும் அண்ணாந்து பந்தைப் பார்க்கும். அங்கேதான் தோற்போம். முதலில் தன்னுடைய எதிராளியைப் பார்க்க வேண்டும். அவன் போகிற வழியில் ஒரு காலை வைத்துத் திரும்பி, அவனை முதுகுக்குப் பின்னால் கொண்டுவர வேண்டும். முழங்கால் மடங்க வேண்டும், இடுப்பு தாழ்ந்திருக்க வேண்டும், கை தோள் உயரத்தில் விரிந்திருக்க வேண்டும். அவன் எங்கே இருக்கிறான் என்று முதுகு சொல்லும். அப்புறம்தான் கண் பந்துக்குப் போகலாம். குட்டைப் பிள்ளைக்கு இதில் ஒரு லாபம் இருக்கிறது. அதன் இடுப்பு இயல்பாகவே தாழ்வு. உயரமானவனின் தொடையில் முதுகை வைத்து நின்றுவிட்டால் அவனால் சரியாகக் குதிக்க முடியாது.

இதைப் பழக்கத் தரையில் ஒரு வட்டம் போட்டு நடுவில் பந்தை வையுங்கள். ஒரு பிள்ளை காக்க வேண்டும், ஒரு பிள்ளை எடுக்க வேண்டும். கையால் பிடிக்கக் கூடாது. ஐந்து விநாடி காத்தால் போதும். ஐந்து விநாடி எவ்வளவு நீளம் என்று அப்போது தெரியும்.

அடுத்தது இரண்டாவது குதி. ராட்மேன் ஆட்டத்தில் நான் அதிகம் பார்த்தது இதைத்தான். 1997, 98 இறுதி ஆட்டங்களைக் காலையில் வேலைக்குப் போகும் முன் பக்கத்து வீட்டுக் கேபிளில் பார்த்தேன். அவர் சிகாகோ புல்ஸுக்கு ஆடிய காலம். எல்லோரும் ஒரு முறை உயரமாகக் குதித்து இறங்குவார்கள். அவர்கள் கால் தரையில் ஊன்றுவதற்குள் ராட்மேன் மறுபடி மேலே இருப்பார். பந்தைப் பிடிக்க முடியாவிட்டால் விரல் நுனியால் தட்டி விடுவார், தன் பக்கமாகத் தட்டிக்கொண்டே வந்து கடைசியில் பிடிப்பார். 1996 இறுதிச் சுற்றில் இரண்டு மேட்சில், ஒவ்வொன்றிலும் எதிரணி ரிங்கின் அடியில் மட்டும் 11 ரீபவுண்ட் எடுத்தது இப்படித்தான். இதற்குச் சுவர் போதும். சுவரில் பந்தை விரல் நுனியால் தட்டித் தட்டிப் பத்து முறை, ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு குதி. முழங்காலை ஆழமாக மடக்காமல், கணுக்காலால் குதிக்க வேண்டும். வலது கை, இடது கை, அப்புறம் இரண்டும். ஈரத் தரையில் இதைச் செய்யாதீர்கள். சாரல் விழுந்தால் நாங்கள் சாக்குப் போட்டுத் துடைத்து, தரை காயும் வரை பாக்ஸ் அவுட் மட்டும் செய்வோம்.

பந்து கைக்கு வந்ததும் இரண்டு காலில் இறங்கி, தாடைக்குக் கீழே இறுக்கிப் பிடித்து, முழங்கையை விரித்து நிற்கட்டும். முழங்கையை வீசக் கூடாது. இது சீக்கிரம் வந்துவிடும்.

இனி நான் மெதுவாகச் சொல்ல வேண்டிய பகுதி. ராட்மேனைக் காட்டினால் பிள்ளைகள் அவருடைய மற்ற வீடியோக்களையும் பார்க்கும். தலைமுடியைப் பச்சை, சிவப்பு, மஞ்சளாக்கியது, 1996-ல் கல்யாணக் கவுன் போட்டு வந்து நின்றது எல்லாம் எனக்குப் பிரச்சினையே இல்லை. யாருக்கும் அதில் வலிக்கவில்லை. வலித்தவற்றைத்தான் பேச வேண்டும். 1991-ல், டெட்ராய்ட்டுக்கு ஆடியபோது, எதிரணியான சிகாகோவின் ஸ்காட்டி பிப்பனைக் காற்றில் இருக்கும்போது தள்ளினார், தாடையில் தையல் போட வேண்டியிருந்தது. 1996-ல் நடுவரைத் தலையால் முட்டினார், 6 மேட்ச் தடை. 1997 ஜனவரியில் கோர்ட் ஓரத்தில் உட்கார்ந்திருந்த கேமராக்காரர் ஒருவரை உதைத்தார், 11 மேட்ச் தடை. அந்தக் கேமராக்காரர் அன்று தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார், அவ்வளவுதான்.

1997-ல் எனக்குப் பதினேழு வயது. புனலூரில் ஒரு டோர்னமெண்ட். மீட்டர் கேஜ் ரயிலில் ஆரியங்காவு, தென்மலை வழியாகப் போனோம். ராட்மேன் தள்ளுவதைப் பார்த்துப் பார்த்து அதுவும் ஆட்டத்தில் ஒரு திறமை என்று நினைத்திருந்தேன். கடைசி இரண்டு நிமிடத்தில் பந்துக்கு எழும்பிய ஒரு பையனின் முதுகில் இரண்டு கையையும் வைத்துத் தள்ளினேன். அவன் மணிக்கட்டை ஊன்றி விழுந்தான். எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. நாங்கள் ஜெயித்தோம். திரும்பி வரும்போது டீம் பாடிக்கொண்டு வந்தது, பதின்மூன்று கண் பாலம் வந்ததும் எல்லோரும் ஜன்னலுக்கு ஓடினார்கள், நான் எழுந்திருக்கவில்லை. அடுத்த ஞாயிறு அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனார். அவன் அம்மா எங்களை உட்காரவைத்துக் கட்டன் சாயா கொடுத்தார். அவன் கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்க்காமலே இருந்தான். அதன் பிறகு எந்த டோர்னமெண்டிலும் அவனை நான் பார்க்கவில்லை.

இதை ஒவ்வொரு புது டீமுக்கும் சொல்கிறேன். என் கோர்ட்டில் சட்டம் ஒன்றுதான்: காற்றில் இருக்கும் ஆளைத் தொட்டால் அன்றைக்கு ஆட்டம் முடிந்தது, மாநில அளவு ஆடுகிற பிள்ளையாக இருந்தாலும் சரி.

பெரிய பிள்ளைகளிடம், பதினைந்து வயதுக்கு மேல், இன்னொன்றும் சொல்வேன். 1993 பிப்ரவரியில் ஓர் இரவு ராட்மேன் தன் அணியின் மைதானத்து வாகன நிறுத்தத்தில், காருக்குள் துப்பாக்கியோடு இருந்தார். தூங்கிப்போனவரைப் போலீஸ் எழுப்பியது. செத்துவிடலாம் என்று அன்று நினைத்ததாகப் பிறகு சொன்னார். இரண்டு சாம்பியன்ஷிப் கையில் இருந்த ஆள். அவருக்கு அப்பா மாதிரி இருந்த கோச் சக் டேலி அதற்கு முந்தைய வருடம்தான் அணியை விட்டுப் போயிருந்தார். 2011-ல், பாஸ்கெட்பாலின் பெரிய ஆட்களைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேம் மேடையில் நின்று, நல்ல அப்பாவாக இருந்திருக்கலாம் என்று அழுதார். பிராக்டிஸுக்கு வழக்கமாக வரும் பிள்ளை மூன்று நாள் வரவில்லை என்றால் வீட்டுக்குப் போய்ப் பாருங்கள். நான் போகிறேன். பாதி நேரம் காய்ச்சலாக இருக்கும்.

நோட்டு விஷயத்துக்கு வருகிறேன். அதை வாங்கி மார்க் போடாதீர்கள், அது பிள்ளையிடமே இருக்கட்டும். புளியரையிலிருந்து வரும் ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி, நாலடி ஒன்பது அங்குலம், ஒரு நாள் என்னிடம் வந்து, "சார், நீங்க இடது மூலையில இருந்து எறிஞ்சா பந்து ரெண்டு மணிக்குத்தான் விழுது. களைச்சுப் போனா ஆறு மணிக்கு வருது" என்றாள். நான் அதுவரை கவனித்ததில்லை. போன மாதம் புனலூர்ப் பிள்ளைகள் இங்கே ஆட வந்தார்கள். அவர்கள் வார்ம்-அப் செய்துகொண்டிருந்தபோது எங்கள் டீமும் மறுபக்கம் லே-அப் போட்டது. அவள் மட்டும் கோட்டுக்கு வெளியே நின்று, காற்றில் படபடத்த பக்கத்தைக் கட்டை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, புள்ளி வைத்துக்கொண்டிருந்தாள்.