இரண்டு அழைப்பிதழ், ஒன்பது சொந்தக்காரர்: கம்பஸ் விழாவுக்கு ஊருக்குப் போகிறவர்களுக்கு

"மாசியிலதானாம்" என்று அக்கா வாட்ஸ்அப்பில் சொன்னாள். கடைசியில் ஒட்டிக்கொண்டிருக்கிற அந்த 'ஆம்' இருக்கிறதே, அதைக் கவனிக்காமல் ரொறொன்ரோவில் டிக்கெட் போட்டவன் நான். அக்காவின் மகளுடைய பட்டமளிப்பு பங்குனிக்குப் போய்விட்டது. டிக்கெட் மாற்றக் கட்டிய காசுக்கு ஊரில் ஒரு நல்ல கிடாய் வாங்கியிருக்கலாம்.

ஆகவே யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விழா ஒன்றை வைத்துப் பயணம் போடுகிறவர்கள், பிள்ளையின் கையில் திகதி போட்ட கடிதம் வரும்வரை பொறுங்கள். திகதி மட்டும் போதாது. பட்டமளிப்பு பல நாள், பல அமர்வாக நடக்கும். உங்கள் பிள்ளையின் பீடம் எந்த நாள், எத்தனையாவது அமர்வு என்று கேளுங்கள். பொறியியல், விவசாயம், தொழில்நுட்பம் படிக்கிற பிள்ளைகள் இருப்பது கிளிநொச்சி அறிவியல் நகரில். வவுனியா வளாகம் 2021 ஆவணியிலிருந்து தனிப் பல்கலைக்கழகம். ஊரில் இன்னும் பலருக்கு அதுவும் 'யாழ்ப்பாணக் கம்பஸ்'தான். அந்தக் கதையை நம்பி, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் இருக்கிற நம்மூர்த் திருநெல்வேலியில் அறை எடுக்க வேண்டாம். 2024இல் நாடு முழுக்கக் கல்விசாரா ஊழியர்கள் இரண்டு மாதத்துக்கு மேல் வேலைநிறுத்தம் செய்தார்கள். அப்படி ஒன்று வந்தால் எந்தத் திகதியும் நிற்காது. மாற்றக்கூடிய டிக்கெட்டே எடுங்கள்.

இனி அழைப்பிதழ்.

மருமகளுக்குக் கிடைத்தவை இரண்டு. மண்டபத்தில் இருக்கிற கதிரை அவ்வளவுதான், யாரையும் குறை சொல்ல முடியாது. அக்கா ஒன்று, அத்தான் ஒன்று, கணக்குச் சரி. நான் வெளியில் நின்று பார்க்கத்தான் போனேன் என்று எழுத ஆசைதான். ஆனால் பட்டுவேட்டியை மடிப்புக் கலையாமல் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு போனவன் வெளியில் நிற்கவா போவான்?

வந்து இறங்கிய அன்று பின்னேரமே கொக்குவில் பெரியம்மா ஆளனுப்பிக் கூப்பிட்டார். எண்பத்து நாலு வயது. கட்டிலில் ஒரு காஞ்சிபுரம் சேலை விரித்துக் கிடந்தது. அறை முழுக்க அந்துருண்டை மணம்.

"அவளுக்கு ஏடு தொடக்கினது ஆர்? நான். அப்ப நான் வராமல் ஆர் வாறது?"

"பெரியம்மா, ரெண்டு காட்தான் குடுத்திருக்கினம்."

"கனடாவில இருந்து வந்த உனக்கு ஒரு காட் எடுக்கேலாதே?"

ஒரு காட் என்று தொடங்கியது, தேத்தண்ணி ஆறுவதற்குள் ஒன்பதாகிவிட்டது. பெரியம்மா, அவரைக் கைபிடித்துக் கூட்டிவர ஒருவர், சின்ன மாமா, அவருடைய மகள் ("அவளுக்கு இதைப் பாத்தாவது படிக்கோணும் எண்டு வரட்டும்"), பக்கத்து வீட்டு ரீச்சர்... வெளிநாட்டிலிருந்து வந்தவனுக்குத் திறக்காத கதவு இல்லை என்ற நம்பிக்கை இன்னும் ஊரில் இருக்கிறது. அந்த நம்பிக்கையை வளர்த்தவர்களும் நாங்கள்தான். ஒவ்வொரு முறையும் காசைக் காட்டிவிட்டுத்தானே திரும்பி வருகிறோம்?

மூன்று நாள் அலைந்தேன். முதல் நாள், இளைப்பாறிய ஒரு விரிவுரையாளர் வீடு. வடை தந்தார். மகனுடைய அவுஸ்திரேலியா விசா பற்றி ஒன்றரை மணித்தியாலம் கதைத்தார். அழைப்பிதழ் பற்றிக் கேட்டதும் சிரித்துவிட்டு இன்னொரு வடை வைத்தார். இரண்டாம் நாள், மச்சானுக்குத் தெரிந்த 'உள்ளுக்க இருக்கிற ஆள்'. படலையிலேயே நின்று சொன்னார்: "அண்ணை, என்ர மனிசிக்கே காட் இல்லை." மூன்றாம் நாள் ஒன்றும் சரிவரவில்லை என்று சொல்லப் பெரியம்மாவிடம் போனேன். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். சேலை அயன் பண்ணி, மடித்து, கதிரையில் இருந்தது.

இதனால் நான் இழந்ததையும் கேளுங்கள். அந்த மூன்று நாளில்தான் மத்திய கல்லூரி மைதானத்தில் 'வடக்கின் பெரும் சமர்' கிரிக்கெட் ஆட்டம் நடந்தது. 1904இல் தொடங்கிய ஆட்டம், மத்திய கல்லூரியும் பரியோவான் கல்லூரியும். எந்தக் கல்லூரிக்கு நான் கத்தியிருப்பேன் என்று இங்கே எழுதினால் வீண் சண்டை வரும். ஒரு பந்தைக்கூடப் பார்க்கவில்லை. பான்ட் சத்தம் மட்டும் ஆட்டோவுக்குள் கேட்டது.

பட்டமளிப்புக்கு முதல் நாள் இரவு அத்தான் தன் அழைப்பிதழைக் கொண்டுவந்து என் கையில் வைத்தார். வெங்காயத் தோட்டக்காரர். அட்டையின் மூலையில் செம்மண் விரல் அடையாளம்.

"நீர் போம் தம்பி. எனக்குக் காலமை தண்ணி மாறோணும்."

வேண்டாம் என்றேன். திரும்பவும் வேண்டாம் என்றேன். மூன்றாம் தரம் சொல்லவில்லை. அவளுடைய படிப்புக்கு நான் காசு அனுப்பியது அவர் மனதில் இருந்தது. என் மனதிலும் இருந்தது. இன்னொன்றும் இருந்தது. 1995இல் விஞ்ஞான பீடத்துக்கு எனக்கும் அனுமதி கிடைத்தது. ஐப்பசிக் கடைசியில் ஊரே இடம்பெயர்ந்தபோது நானும் கைதடிப் பாலம் கடந்தேன். பிறகு வன்னி, கொழும்பு, கனடா. என்னோடு படித்தவர்களில் சிலர் திரும்பிப் போய் லாம்பு வெளிச்சத்தில் படித்து முடித்தார்கள்.

மண்டபத்தில் மருமகளின் பெயரை வாசித்தார்கள். மேடையிலிருந்து இறங்கும்போது அவள் எங்கள் வரிசையைத் தேடினாள். அக்காவைக் கண்டாள், சிரித்தாள். என்னைக் கண்டாள். அதற்குப் பிறகும் அவளுடைய கண் தேடிக்கொண்டே போனது.

வெளியில் வந்தால் இராமநாதன் வீதி முழுக்கப் பூச்செண்டு விற்கிறவர்கள், ஐஸ்கிறீம் வான்கள், குடையோடு அம்மம்மாக்கள். மதிலோரம் அத்தான், வெள்ளைச் சேர்ட், கையில் ஒரு மல்லிகை மாலை. தண்ணி மாறப் போகவில்லை. காலை எட்டு மணியிலிருந்து அங்கேதான் நின்றாராம். அவள் கறுப்பு அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினாள். கூலிக்குப் பிடித்த படக்காரர் என்னையும் கிட்ட வரச் சொன்னார். போகவில்லை.

ஆகவே: யாராவது தங்கள் அழைப்பிதழை நீட்டினால் வாங்காதீர்கள். எத்தனை தரம் நீட்டினாலும். வெளியில் நிற்பது அப்படி ஒன்றும் கெட்ட இடமில்லை. வளாகத்துக்குள் பரமேஸ்வரன் கோயில் இருக்கிறது, சேர் பொன். இராமநாதன் 1921இல் தொடங்கிய பரமேஸ்வராக் கல்லூரியின் கோயில். 1974இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் யாழ்ப்பாண வளாகம் தொடங்கியது அந்தக் கல்லூரி இருந்த இடத்தில்தான். இலக்கிய விமர்சகர் கைலாசபதி அதன் முதல் தலைவர். படம் எடுக்க எல்லாரும் கடைசியில் வந்து சேர்வதும் கோயிலடிக்குத்தான். ஆகவே மண்டபத்துக்குள் வியர்த்து இருந்தவர்களைவிட உங்களுக்கு நல்ல படம் கிடைக்கும். படக்காரரை முதலே பேசி வையுங்கள். அன்று காலையில் பிடித்தால் சொல்கிற விலையைத்தான் கொடுக்க வேண்டும்.

பட்டமளிப்பைத் தவிர மற்றவற்றுக்கு இந்த இழுபறி குறைவு. பாட்டு, மிருதங்கம், பரதநாட்டியம் கேட்கவும் பார்க்கவும் விருப்பமென்றால் மருதனார்மடத்தில் நுண்கலை மாணவர்களின் ஆற்றுகைகளை விசாரியுங்கள். இராமநாதன் மகளிர் கல்லூரிப் பக்கம் என்றால் ஆட்டோக்காரருக்கு விளங்கும். கூத்து போட்டால் விடாதீர்கள். யாழ்ப்பாண வளாகம் தனிப் பல்கலைக்கழகமானபோது முதல் துணைவேந்தராக இருந்த வித்தியானந்தன்தான் அறுபதுகளில் பேராதனையில் நாட்டுக்கூத்தை மேடைக்குக் கொண்டுவந்தவர். கைலாசபதி கலையரங்கில் நினைவுப் பேருரை ஏதாவது இருந்தால் பத்து நிமிசம் முந்திப் போய்ப் பின்வரிசையில் இருங்கள், முன்வரிசை உங்களுக்கில்லை. ஆய்வு மாநாட்டுக்குப் பதிவு வேண்டும். பீடங்களுக்கிடையிலான விளையாட்டு என்றால் மைதான ஓரத்தில் நின்றால் போதும், யார் அடித்தாலும் கைதட்டலாம்.

போரில் இறந்தவர்களை நினைவுகூருகிற மே 18, கார்த்திகை (நவம்பர்) 27 நாள்களில் போகிறவர்களுக்கு ஒன்று. வளாகத்திலிருந்த முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபி 2021 தை (ஜனவரி) 8ஆம் திகதி இரவு இடிக்கப்பட்டு, அதே ஆண்டு திரும்பவும் எழுந்தது. அங்கே விளக்கேற்றுகிற பிள்ளைகளைப் படம் எடுத்து முகநூலில் போடாதீர்கள். நாளைக்கு நீங்கள் பிளேன் ஏறிவிடுவீர்கள். அவர்கள் அங்கே இருப்பார்கள்.

பட்டமளிப்பு அன்று பெரியம்மா மத்தியானச் சாப்பாட்டுக்கும் வரவில்லை. நான் வெளிக்கிடுகிற அன்று போய் விழுந்து கும்பிட்டேன். திருநீறு பூசிவிட்டு, "அடுத்த முறை ரெண்டு மாசம் முந்தியே சொல்லிவை" என்றார்.

அடுத்த முறை இருக்கிறது. மருமகளின் தம்பி இப்போது அறிவியல் நகரில் இரண்டாம் வருசம். நான் வெளியில்தான் நிற்பேன் என்று அத்தானிடம் போனில் சொல்லிவிட்டேன். "அதை அப்ப பாப்பம்" என்றார்.