கார்த்திகை ஒழுகல்: பூசுவதற்கு முன்னால் தண்ணீர் வந்த வழியைப் பிடியுங்கள்

செங்கோட்டை, புளியரைப் பக்கம் வீடு வைத்திருப்பவர்களுக்கு வருடத்தில் இரண்டு மழை. ஆனி, ஆடியில் ஆரியங்காவுக் கணவாய் வழியாகச் சாரல், அது ஓய்ந்து சுவர் காயுமுன் ஐப்பசி, கார்த்திகையில் கிழக்கிலிருந்து அடைமழை. அதற்குப் பின் மார்கழிப் பனி வேறு. யூடியூபில் சென்னைக்காரர் ஒருவர் "செப்டம்பரில் வாட்டர் ப்ரூஃபிங் போட்டுவிடுங்கள்" என்று சொல்வார், அவர் ஊருக்கு அது சரியாகவே இருக்கலாம், ஆனால் நம் மொட்டை மாடி செப்டம்பரில் ஈரத்தை முழுசாகக் குடித்துவிட்டு உட்கார்ந்திருக்கும்.

நான் இதைப் பணம் கொடுத்துக் கற்றுக்கொண்டேன். ஹாலில் ஃபேனுக்குப் பக்கத்தில் மஞ்சளாக ஒரு வட்டம் வந்தது. பெயிண்ட் வேலை எடுத்துச் செய்பவர் ஒருவரைக் கூப்பிட்டேன், கார்த்திகையிலேயே வந்து சுரண்டி, பட்டி பார்த்து, இரண்டு கோட் அடித்து 18,000 ரூபாய் வாங்கிக்கொண்டு போனார். பொங்கலுக்கு அப்பளம் மாதிரி உரிந்தது. பிறகு வந்த பழைய கொத்தனார் மாடியில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுச் சொன்னார்: "தண்ணி நுழையுற எடத்த விட்டுட்டு சொட்டுற எடத்துல பூசி என்ன பிரயோசனம் அண்ணாச்சி?" தண்ணீர் நுழைந்த இடம் வட்டத்திலிருந்து ஏழடி தள்ளி, கைப்பிடிச்சுவரின் அடியில் இருந்தது.

சரி, இப்போது மழை கொட்டிக்கொண்டிருக்கிறது, வீட்டுக்குள் சொட்டுகிறது என்றால் முதலில் அந்த அறையின் கரண்டை போர்டில் அணைத்துவிடுங்கள். ஃபேன் மாட்டிய இடத்திலோ லைட் பாயிண்டிலோ தண்ணீர் இறங்கினால் சுவிட்சை அணைப்பது போதாது, மெயின் போர்டில் அந்த அறைக்கான எம்.சி.பி.யையே (கரண்டை முழுசாகத் துண்டிக்கும் பிரேக்கர்) இறக்க வேண்டும், காய்ந்து எலக்ட்ரீசியன் பார்க்கும்வரை ஏற்றக் கூடாது. கூரையில் பெயிண்ட் பலூன் மாதிரி உப்பி நின்றால் அடியில் வாளியை வைத்து ஊசியால் ஒரு குத்துக் குத்தி வடித்துவிடுங்கள், இல்லாவிட்டால் தண்ணீர் பக்கவாட்டில் பரவி முழுக் கூரையையும் கெடுக்கும். மழை விட்டதும் மாடிக்குப் போய்த் தண்ணீர் போகும் குழாய் வாயைப் பாருங்கள். முக்கால்வாசி வீட்டில் வேப்பிலையும் ஒரு பழைய பாலிதீன் பையும் அடைத்திருக்கும், அதை எடுத்தாலே பாதிப் பிரச்சினை போய்விடும். வெடிப்பு கண்ணுக்குத் தெரிந்தால் தார்ப்பாயைக் கைப்பிடிச்சுவருக்கு மேலாக வெளியே தொங்கும்படி விரித்துச் செங்கல் வையுங்கள், சுவருக்கு உள்ளேயே விரித்தால் தண்ணீர் ஓரம் வழியாக அடியில் புகுந்துவிடும். அதற்கு மேல் மழைக்காலத்தில் எந்த வேலையும் வேண்டாம். ஈரத்தில் ஒட்டும் என்று சொல்லி விற்கிற சாமான்கள் அவசரத்துக்கு உதவலாம், ஆனால் அதையே நிரந்தர வேலையாக நினைக்காதீர்கள்.

மழைக்காலத்தில் நீங்கள் செய்ய வேண்டிய பெரிய வேலை வேடிக்கை பார்ப்பது. நிஜமாகத்தான். ஈரம் தெரிகிற இடத்தைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள், மழை நாளும் வெயில் நாளும் போட்டோ எடுங்கள். மேற்குச் சுவர் ஆடியில் நனைந்து கார்த்திகையில் காய்ந்தால் சாரல் காற்று வெளிப்பூச்சு வெடிப்பு வழியாக அடிக்கிறது. மழை நின்று ஒரு வாரமாகியும் ஈரம் குறையவில்லை என்றால் சந்தேகம் குழாய்மேல் போக வேண்டும். ராத்திரி எல்லாக் குழாயையும் அடைத்து, மேல்தொட்டியில் தண்ணீர் மட்டத்தைக் குறித்து, காலையில் பாருங்கள், இறங்கியிருந்தால் சுவருக்குள்ளோ தொட்டியிலோ கசிகிறது. இறங்காமல், ஈரம் மட்டும் மாடிக் குளியலறைக்குக் கீழே இருந்தால், துணிக்குப் போடுகிற நீலத்தை வாளித் தண்ணீரில் கலந்து அந்தத் தரையில் ஊற்றுங்கள். ஒன்றிரண்டு நாளில் கீழே நீலம் தெரிந்தால் ஆள் அகப்பட்டான்.

இன்னொரு குழப்பம், சுவரிலிருந்து வரும் ஈரமா அறைக் காற்றின் ஈரமா என்பது. இரண்டடிக்கு இரண்டடி பாலிதீன் தாளைச் சுவரில் வைத்து நாலு ஓரமும் டேப் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். தாளுக்கு உள்பக்கம் முத்து முத்தாக நீர் நின்றால் சுவரில் ஈரம் இருக்கிறது. வெளிப்பக்கம் நனைந்திருந்தால் அது காற்றில் இருந்து படிந்தது, அதற்கு ஜன்னலைத் திறந்து வைத்து, பீரோவைச் சுவரை விட்டு அரையடி நகர்த்தினாலே போதும். மார்கழியில் பீரோவுக்குப் பின்னால் பூசணம் பிடிப்பது பெரும்பாலும் இதனால்தான். மாடியில் தகர ஷீட் போட்டவர்கள், மழையே இல்லாத விடியற்காலையில் சொட்டுகிறது என்று ஆணித் துளைகளையெல்லாம் அடைத்துக்கொண்டிருப்பார்கள். ஓட்டையே இருக்காது, ராத்திரி குளிர்ந்த தகரத்தின் அடியில் வீட்டுக் காற்றின் ஈரம் நீராகிச் சொட்டுகிறது. காற்று போக வழி விடுங்கள், முடிந்தால் அடியில் ஒரு தடுப்புக் கூரை.

இனி மாடி. 1,000 சதுர அடி மாடியில் ஒரு சென்டிமீட்டர் மழை விழுந்தால் சுமார் 930 லிட்டர் தண்ணீர். பத்து சென்டிமீட்டர் பெய்கிற கார்த்திகை நாளில் 9,300 லிட்டர், அதாவது ஒரு லாரித் தண்ணீர், அதை இறக்க ஒரே ஒரு குழாய். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் பெய்ததே, அதை நினைத்துக் கணக்குப் போடுங்கள். அதனால் குறைந்தது இரண்டு குழாய் வேண்டும், தண்ணீர் குழாயை நோக்கி ஓடும் சரிவு, அதாவது வாட்டம், பத்தடிக்கு ஓர் இஞ்சாவது வேண்டும். மழை விட்டு ஒரு மணி நேரத்துக்குப் பிறகும் தண்ணீர் நிற்கும் இடங்களைச் சாக்பீஸால் வட்டம் போட்டு வையுங்கள். கொத்தனார் வரும்போது நீங்கள் பேசவே வேண்டாம், வட்டம் பேசும்.

தளத்தின் நடுவில் ஒழுகுவது குறைவு. தளமும் கைப்பிடிச்சுவரும் சேரும் மூலை, குழாய் தளத்தைத் துளைக்கும் இடம், தண்ணீர்த் தொட்டியின் கால், இந்த மூன்றும்தான் பெரும்பாலும் குற்றவாளிகள். வெடிப்பை மேலே சிமெண்ட் பாலைத் தடவி மறைக்க விடாதீர்கள், வி வடிவில் வெட்டி, தூசி ஊதி, பாலிமர் கலந்த சிமெண்ட் கலவையால் அடைக்கச் சொல்லுங்கள். மூலையைச் செங்குத்தாக விடாமல் சாய்வாகப் பூசி, மேலே ஃபைபர் வலை பதித்து வாட்டர் ப்ரூஃப் கோட்டிங் அடிக்க வேண்டும். முதல் கோட் கிழக்கு மேற்காக என்றால் இரண்டாவது வடக்கு தெற்காக. இதையெல்லாம் தை பிற்பாதியிலிருந்து சித்திரைக்குள் முடித்துவிடுங்கள். நமக்கு உண்மையில் காய்ந்த தளம் கிடைப்பது அந்த மூன்று மாதம்தான்.

கூரைப் பூச்சு பெயர்ந்து உள்ளே கம்பி துருப்பிடித்துத் தெரிந்தால் அது பெயிண்ட் கடை விஷயமில்லை. துருவுக்கு இரும்பைவிட அதிக இடம் வேண்டும், அதனால்தான் கான்கிரீட்டை உடைத்துத் தள்ளுகிறது. மேலே பூசினால் பூச்சோடு சேர்ந்து விழும். கம்பி மெலிந்திருந்தால் இஞ்சினியர் பார்க்காமல் தொடாதீர்கள்.

தரையிலிருந்து இரண்டு மூன்றடி உயரம்வரை உப்புப் பூத்து, பூச்சு மாவாக உதிர்ந்தால் அது ஓதம், அதாவது மண்ணிலிருந்து சுவரில் ஏறும் ஈரம், மாடிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பூச்சைச் செங்கல்வரை கொத்தி எடுத்து, மாதக் கணக்கில் காயவிட்டு, பிறகு பூச வேண்டும். பலருக்கு அந்தப் பொறுமை இல்லை, டைல்ஸ் ஒட்டி மறைப்பார்கள், ஈரம் டைல்ஸுக்கு மேலே ஏறி வெளியே வரும்.

ஓட்டு வீட்டுக்கு இவ்வளவு தலைவலி இல்லை. உடைந்த ஓடுகளை மாற்றுங்கள், குரங்கு நகர்த்தியதைத் திருப்பி வையுங்கள், இரு சாய்வு சேரும் பள்ளத்தில் சருகை வாருங்கள், ஓட்டைத் தாங்கும் ரீப்பர் கட்டை உளுத்திருக்கிறதா என்று தட்டிப் பாருங்கள். முடிந்தது.

இன்ஷூரன்ஸ் பற்றி ஒரு வார்த்தை. 2021 ஏப்ரலிலிருந்து 'பாரத் க்ருஹ ரக்ஷா' என்று ஒரு பொது பாலிசி இருக்கிறது. புயல், வெள்ளம், குழாய் வெடிப்பு அதில் அடங்கும். வருஷக் கணக்கில் ஊறிய சுவரைக் காட்டிப் பணம் வாங்க முடியாது.

கோட்டிங் வேலை முடிந்து காய்ந்த பிறகு குழாய் வாயை அடைத்து மாடியில் ஓர் இஞ்ச் தண்ணீர் கட்டி 48 மணி நேரம் விடுங்கள். 1,000 சதுர அடிக்கு அதுவே இரண்டே கால் டன்னுக்கு மேல், அதனால் நல்ல கான்கிரீட் தளத்தில் மட்டும். உத்திரம் போட்டுச் செங்கல் அடுக்கிய பழைய மச்சில் வேண்டவே வேண்டாம். கீழே கூரை காய்ந்தபடி இருந்தால், கொத்தனாருக்குக் கொடுக்காமல் நிறுத்தி வைத்த பாக்கியை அன்றைக்கே கொடுத்துவிடுங்கள்.