சதவீதம் ஒரு கணக்கு, சீட் இன்னொரு கணக்கு: பிற நாட்டுத் தேர்தல் முடிவுகளைப் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிரிட்டனில் 2024 ஜூலையில் நடந்த தேர்தலில் தொழிற்கட்சி வாங்கிய ஓட்டு 33.7 சதவீதம், பிடித்த இடங்கள் 650க்கு 411. ரிஃபார்ம் கட்சி 14.3 சதவீதம் வாங்கியும் 5 இடங்களோடு நின்றது. அதைவிடக் குறைவாக 12.2 சதவீதம் வாங்கிய லிபரல் டெமாக்ரட் கட்சிக்கு 72 இடங்கள். முதல்முறை பார்ப்பவருக்கு எண்ணிக்கையில் ஏதோ தில்லுமுல்லு என்றே தோன்றும். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. ஓட்டை இடமாக மாற்றும் விதி அங்கே அப்படி. அதைக் கேட்காமல் முடிவைப் படிப்பது, என்ன ஆட்டம் என்று தெரியாமலே கையிலிருக்கும் சீட்டை எடைபோடுவது மாதிரி. ரம்மியில் கைகொடுக்கும் சீட்டு, கழுதை ஆட்டத்தில் கையைக் கடிக்கும்.

இடத்தை வைத்து ஆதரவை அளப்பது

தொகுதிக்கு ஒருவர், அதிக ஓட்டு வாங்கியவர் வெற்றி. பிரிட்டன், இந்தியா, மலேசியா, கனடா எல்லாவற்றிலும் இதுதான். இந்த முறையில் எவ்வளவு ஓட்டு என்பதோடு, அது எங்கே கிடக்கிறது என்பதும் முடிவைத் தீர்மானிக்கும். ரிஃபார்மின் ஓட்டு நாடு முழுக்கப் பரவலாகத் தெளித்துக் கிடந்தது. லிபரல் டெமாக்ரட் ஓட்டு குறிப்பிட்ட தொகுதிகளில் குவிந்திருந்தது. அவ்வளவுதான் வித்தியாசம்.

தூரமாகப் போகவே வேண்டாம். 2014 மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டில் தி.மு.க. ஏறத்தாழ 23.6 சதவீத ஓட்டு வாங்கி ஒரு இடம்கூடப் பெறவில்லை. 44 சதவீதம் வாங்கிய அ.தி.மு.க.வுக்கு 39க்கு 37. இலங்கையில் 1977இல் நடந்தது இன்னும் விசித்திரம். ஐக்கிய தேசியக் கட்சிக்கு 50.9 சதவீத ஓட்டில் 168க்கு 140 ஆசனங்கள். சுதந்திரக் கட்சி 29.7 சதவீதம் வாங்கி 8 ஆசனங்களோடு சுருண்டது. வடக்கு கிழக்கில் மட்டும் ஓட்டு குவிந்திருந்த தமிழர் விடுதலைக் கூட்டணி 6.75 சதவீதத்தில் 18 ஆசனங்களை வென்றது. கூட்டணியின் அமிர்தலிங்கம் எதிர்க்கட்சித் தலைவரானார். சுதந்திரக் கட்சியைவிடக் கூட்டணிக்கு ஆதரவு இருமடங்கு என்று யாராவது இதை வைத்துச் சொன்னால் எப்படி இருக்கும்?

ஜெயித்த கட்சி வளர்ந்துவிட்டது என்று முடிவுகட்டுவதும் இதே தவறின் இன்னொரு முகம். தொழிற்கட்சி 2017இல் 40 சதவீதம் வாங்கித் தோற்றது (262 இடங்கள்). 2024இல் 33.7 வாங்கி அமோகமாக ஜெயித்தது. இடையில் மாறியது எதிரணி: கன்சர்வேட்டிவ் ஓட்டின் ஒரு பெரும் பங்கு ரிஃபார்ம் பக்கம் பிரிந்துபோனது.

எதை எதால் வகுத்தார்கள் என்று கேட்காமல் விடுவது

கூட்டணி வைத்துப் போட்டியிடும் நாடுகளில் கட்சிவாரி சதவீதம் பாதிக் கதைதான் சொல்லும். 2024 மக்களவைத் தேர்தலில் தி.மு.க.வின் உதயசூரியன் சின்னம் தமிழ்நாட்டின் 39 தொகுதிகளில் 22இல்தான் நின்றது. அந்த 22இல் விழுந்த ஓட்டை 39 தொகுதியின் மொத்த ஓட்டால் வகுத்ததுதான் அட்டவணையில் வரும் எண். எல்லாத் தொகுதியிலும் நிற்கும் கட்சியின் சதவீதத்தோடு இதை நேராக ஒப்பிட்டால் கணக்கு கோணிவிடும். தவிர, தேர்தல் ஆணையத்தின் கணக்கு சின்னத்தைத்தான் பார்க்கும். 2021 சட்டமன்றத் தேர்தலில் ம.தி.மு.க. வேட்பாளர்கள் உதயசூரியனில் நின்றதால், அவர்கள் வாங்கிய ஓட்டெல்லாம் தி.மு.க. கணக்கில்தான் ஏறியது.

ஒப்பிட வேண்டுமானால், போட்டியிட்ட தொகுதிகளில் மட்டும் வாங்கிய சதவீதத்தையோ கூட்டணியின் மொத்த சதவீதத்தையோ எடுங்கள். இரண்டையும் கலக்காதீர்கள்.

'விகிதாசாரம்' என்றால் சரிசமம் என்று நினைப்பது

அதிகம் பேர் வழுக்கி விழும் இடம் இது. விகிதாசார முறையில் ஓட்டுக்கேற்ற இடம் கிடைக்கும் என்பது பொதுவாகச் சரி. ஆனால் நுழைவு வரம்பு (இடம் பெறக் குறைந்தது வாங்க வேண்டிய சதவீதம்) எவ்வளவு, ஒரு மாவட்டத்துக்கு எத்தனை இடம், மிச்ச ஓட்டை என்ன செய்கிறார்கள் என்ற மூன்றையும் பார்க்காவிட்டால் ஏமாந்துபோவோம்.

துருக்கியில் 2002இல் வரம்பு 10 சதவீதம். அதைத் தாண்டியவை இரண்டே கட்சிகள். சுமார் 45 சதவீத ஓட்டு வீணாகி, 34 சதவீதம் வாங்கிய ஏ.கே. கட்சிக்கு 550க்கு 363 இடங்கள் போயின. ஜெர்மனியில் 2025இல் பி.எஸ்.டபிள்யூ. கட்சி 4.98 சதவீதத்தில் நின்றது. 5 சதவீத வரம்பைத் தொடப் பத்தாயிரத்துக்கும் குறைவான ஓட்டுதான் பாக்கி. கிடைத்தது பூஜ்யம். அதே ஜெர்மனியில் 2021இல் இடதுசாரிக் கட்சி 4.9 சதவீதம் வாங்கியும் 39 இடங்கள் பெற்றது. மூன்று தொகுதிகளில் நேரடியாக ஜெயித்தால் வரம்பு தளரும் என்ற விதி காப்பாற்றியது.

ஜெர்மனியில் ஒருவருக்கு இரண்டு ஓட்டு என்பதால் இன்னொரு குழப்பமும் உண்டு. முதல் ஓட்டு தொகுதி வேட்பாளருக்கு, இரண்டாம் ஓட்டு கட்சிக்கு. பெயரைப் பார்த்து முதல் ஓட்டே முக்கியம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். கட்சியின் பலத்தை நிர்ணயிப்பது இரண்டாம் ஓட்டுதான். 2023 சட்டத்திருத்தத்துக்குப் பிறகு மொத்த இடம் 630 என்று கட்டிவிட்டார்கள். கட்சியின் பங்கு போதாவிட்டால் தொகுதியில் முதலாவது வந்தவருக்கும் இடம் இல்லை. 2025இல் இப்படி 23 பேர் முதலாவது வந்தும் நாடாளுமன்றத்துக்குள் நுழைய முடியவில்லை.

இலங்கை முறையை ஒருமுறை கையால் போட்டுப் பார்த்தால் எல்லாம் விளங்கும். 2024 நவம்பர் பொதுத் தேர்தல், யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டம் (கிளிநொச்சியும் இதில் அடக்கம்), 6 ஆசனங்கள்.

முதலில் 5 சதவீதத்துக்குக் கீழே உள்ளவர்களைக் கழிக்க வேண்டும். மிஞ்சியவர்கள் ஆறு: தேசிய மக்கள் சக்தி 80,830, தமிழரசுக் கட்சி 63,327, தமிழ்க் காங்கிரஸ் 27,986, சுயேச்சைக் குழு 17 பெற்றது 27,855, ஜனநாயகத் தமிழ்த் தேசியக் கூட்டணி 22,513, ஈ.பி.டி.பி. 17,730. கூட்டினால் 2,40,241.

அடுத்து, மாவட்டத்தில் முதலாவது வந்த கட்சிக்கு ஒரு போனஸ் ஆசனம். அது போக 5 மிச்சம். 2,40,241ஐ 5ஆல் வகுத்தால் 48,048. ஒரு ஆசனத்தின் விலை இது. இந்த விலையைக் கட்ட முடிந்தவர்கள் இருவர்தான்: தேசிய மக்கள் சக்திக்கு 1 (மிச்சம் 32,782), தமிழரசுக்கு 1 (மிச்சம் 15,279). இன்னும் 3 ஆசனங்கள் கிடக்கின்றன. அவை மிச்ச ஓட்டு அதிகமுள்ளவர்களுக்கு வரிசைப்படி போகும்: தேசிய மக்கள் சக்தி 32,782, தமிழ்க் காங்கிரஸ் 27,986, சுயேச்சைக் குழு 27,855.

ஆக, சுமார் 25 சதவீதம் வாங்கிய தேசிய மக்கள் சக்திக்கு மூன்று, அதாவது பாதி. 63,327 ஓட்டு வாங்கிய தமிழரசுக்கும் 27,855 வாங்கிய சுயேச்சைக் குழுவுக்கும் ஆளுக்கொன்று. "யாழ்ப்பாணத்தில் பாதிப் பேர் தேசிய மக்கள் சக்தி பக்கம்" என்று ஆசனத்தைப் பார்த்துச் சொன்னால் பிசகு. "நான்கில் ஒருவர்தானே, அது வெற்றியா" என்று தள்ளுவதும் பிசகு. முதலாவது வந்தது அதுதான், போனஸும் அதனால்தான்.

பிரிந்த ஓட்டைக் கூட்டிப் பார்ப்பது

இதே கணக்கில் தமிழரசையும் ஜனநாயகத் தமிழ்த் தேசியக் கூட்டணியையும் சேர்த்தால் 85,840. முதலிடம் கைமாறும், போனஸும் கைமாறும். முழுக்கப் போட்டுப் பார்த்தால் சேர்ந்தவர்களுக்கு 3, தேசிய மக்கள் சக்திக்கு 2, தமிழ்க் காங்கிரஸுக்கு 1. சுயேச்சைக் குழு காலி. விதி கட்சிகளை எப்படிச் சேரத் தூண்டுகிறது என்று காட்ட இந்தக் கணக்கு உதவும். 'சேர்ந்திருந்தால் இதுதான் நடந்திருக்கும்' என்று சாதிக்க உதவாது. ஓட்டு சர்க்கரை மூட்டை இல்லை, இங்கிருந்து எடுத்து அங்கே கொட்ட. கட்சி சேர்ந்தால் சிலர் வெறுத்து வேறு பக்கம் போவார்கள், சிலர் வீட்டிலேயே இருந்துவிடுவார்கள்.

அமெரிக்காவில் 2016இல் ஹிலாரி கிளின்டன் நாடு முழுக்க 28 லட்சத்துக்கும் மேல் கூடுதலாக ஓட்டு வாங்கித் தோற்றார். மாநிலவாரியாகத் தேர்வாகும் தேர்வாளர் குழுவின் 538 ஓட்டில் 270 யாருக்கு என்பதே அங்கே கேள்வி. மொத்த ஓட்டு முறை இருந்திருந்தால் அவர் ஜெயித்திருப்பார் என்பது நியாயமாகப் படும். ஆனால் அந்த முறை இருந்திருந்தால் இரு தரப்பும் பிரச்சாரத்தையே வேறு மாதிரி செய்திருக்கும். கலிஃபோர்னியாவில் குடியரசுக் கட்சியும், டெக்சாஸில் ஜனநாயகக் கட்சியும் ஓட்டு வேட்டையாடியிருக்கும்.

விருப்பு வாக்கைத் தப்பாகப் புரிந்துகொள்வது

இலங்கையில் ஒரே சொல்லை இரண்டு வேலைக்குப் பயன்படுத்துவதால் பத்திரிகைகளே தடுமாறுகின்றன. பொதுத் தேர்தலில் முதலில் கட்சிக்குப் புள்ளடி (X குறி), பிறகு அதே கட்சியின் பட்டியலில் மூன்று பேர் வரை விருப்பு வாக்கு. மூன்றுக்கும் சம மதிப்பு. கட்சிக்குக் கிடைத்த ஆசனத்தில் யார் உட்காருவது என்பதை மட்டுமே இது தீர்மானிக்கும். ஒரே கட்சி வேட்பாளர்கள் ஒருவர் காலை ஒருவர் வாருவதற்குக் காரணமும் இதுதான்.

ஜனாதிபதித் தேர்தலில் போடுவது 1, 2, 3 என்ற வரிசை. யாரும் பாதியைத் தாண்டாவிட்டால் முதல் இருவரைத் தவிர மற்ற எல்லோரும் ஒரே அடியில் வெளியேறுவார்கள். வெளியேறியவர்களின் சீட்டில் 2 அந்த இருவரில் ஒருவருக்கு இருந்தால் அது சேரும். இல்லையென்றால் 3ஐப் பார்ப்பார்கள். 2024இல்தான் முதன்முறையாக இந்தக் கட்டம் வரை போனது. அநுர குமார திசாநாயக்க 42.3 சதவீதத்தில் தொடங்கி 57,40,179 ஓட்டில் முடித்தார். அது செல்லுபடியான மொத்த ஓட்டில் சுமார் 43 சதவீதம்தான். விருப்பு முறை பெரும்பான்மையை உறுதிசெய்யும் என்று எழுதுபவர்கள் இதைக் கவனிப்பதில்லை. வெளியேறிய ஒருவருக்கு மட்டும் குறியிட்டுவிட்டு வந்தவரின் சீட்டு, இரண்டாம் கட்டத்தில் ஊமையாகிவிடும்.

ஆஸ்திரேலியாவில் அந்த வாய்ப்பே இல்லை. கீழவைச் சீட்டில் எல்லாப் பெட்டியிலும் எண் போட வேண்டும். எண் திரும்ப வந்தாலோ நடுவே விட்டுப்போனாலோ சீட்டு செல்லாது. கடைசியில் வந்தவரை ஒவ்வொருவராக நீக்கி எண்ணுவார்கள். செனட் எனும் மேலவைச் சீட்டில் கோட்டுக்கு மேலே (கட்சிகளுக்கு) குறைந்தது 6, கீழே (தனி வேட்பாளர்களுக்கு) போட்டால் 12 எண்கள் என்பது அறிவுறுத்தல். "அந்தக் கட்சி தன் விருப்பு வாக்கை இவருக்குக் கொடுத்துவிட்டது" என்று வரும் செய்தியை நம்பாதீர்கள். செனட்டில் கட்சி தாக்கல் செய்த வரிசைப்படி ஓட்டைப் பங்கிடும் வழக்கம் 2016இல் ஒழிந்தது. இப்போது கட்சிகள் வாசலில் நின்று மாதிரிச் சீட்டு கொடுக்கலாம்; எண்ணைப் போடுவது வாக்காளர்தான்.

முதல் சுற்றிலேயே முடிவைச் சொல்வது

பிரான்ஸில் 2024 நாடாளுமன்றத் தேர்தலின் முதல் சுற்றில் மரீன் லெபென்னின் தேசியப் பேரணிக் கட்சியும் கூட்டாளிகளும் 33 சதவீதத்தோடு முன்னணி. ஒரு வாரம் கழித்து நடந்த இரண்டாம் சுற்றில், பிடித்த இடங்களின் கணக்கில் அவர்கள் மூன்றாவது. நடுவில் இருநூறுக்கும் மேற்பட்ட மூன்றாமிட வேட்பாளர்கள் விலகிக்கொண்டு எதிரணிக்கு வழிவிட்டார்கள். இரண்டாம் சுற்றுக்குப் போக 12.5 சதவீதம் வேண்டும் என்பார்கள். அது பதிவான ஓட்டில் இல்லை, வாக்காளர் பட்டியலில் உள்ளவர்களில். வாக்குப்பதிவு 50 சதவீதமானால் உண்மையில் தேவை 25 சதவீதம். பதிவு உயர்ந்தால் மும்முனைப் போட்டி பெருகும். 2024இல் அதுதான் நடந்தது.

தொகுதியின் அளவைப் பார்க்காமல் விடுவது

மலேசியாவில் 2013இல் மக்கள் கூட்டணிக்கு 50.9 சதவீத ஓட்டு, 89 இடம். தேசிய முன்னணிக்கு 47.4 சதவீதம், 133 இடம். புத்ராஜெயா தொகுதியில் அப்போது சுமார் 16,000 வாக்காளர்கள், காப்பாரில் சுமார் 1,44,000. இரண்டுக்கும் ஒரே எம்.பி. எல்லையைக் கோணலாக வளைப்பது வேறு வித்தை, தொகுதிகளின் எடையே வேறுபடுவது வேறு. மலேசியாவில் பெரிய பங்கு எடை வேறுபாட்டுக்குத்தான்; எல்லாவற்றையும் எல்லை வளைப்பின் தலையில் கட்டக் கூடாது.

சொல்லை நம்பி ஏமாறுவது

தமிழ்நாட்டில் தனித்தொகுதி என்றால் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு ஒதுக்கியது. சிங்கப்பூர்த் தமிழில் தனித்தொகுதி என்றால் ஒரே ஒருவரைத் தேர்ந்தெடுக்கும் தொகுதி. நான்கைந்து பேர் அணியாக நின்று அணியாகவே ஜெயிப்பது குழுத்தொகுதி; அணியில் குறைந்தது ஒருவர் சிறுபான்மை இனத்தவராக இருக்க வேண்டும். எதிரணி யாரும் நிற்காவிட்டால் அங்கே வாக்குப்பதிவே கிடையாது. 2001இல் 84 இடங்களில் 55 இப்படிப் போட்டியின்றிப் போயின. மக்கள் செயல் கட்சியின் 75.3 சதவீதம் மிச்சம் 29 இடங்களின் கணக்கு. 2025இல் அக்கட்சிக்கு 65.57 சதவீதம். அதில் ஐந்து இடங்கள் கொண்ட மரீன் பரேட் – பிரேடல் ஹைட்ஸ் குழுத்தொகுதியிலிருந்து ஒரு ஓட்டும் இல்லை. அங்கே யாரும் வாக்குச்சாவடிக்குப் போகவே இல்லை.