கண்ணளவு போதாது: கிராமத்துச் சிறு குழந்தைகளின் ஊட்ட நிலையை அளக்கும் முறை

"குழந்தை கொழுகொழுன்னுதானே இருக்கு, இதை எதுக்கு அளக்கணும்?" களத்துக்குப் புதிதாக வருகிறவர்கள் பலரும் இப்படிக் கேட்பார்கள். அந்தக் கொழுகொழுப்பு சில நேரம் வெறும் நீர் வீக்கம். இரண்டு வயது போலத் தெரிகிற குழந்தைக்கு மூன்றரை வயது முடிந்திருக்கும். அதனால் எடைக்கருவி, உயரப் பலகை, கைச்சுற்றளவு நாடா, நோட்டு, பேனா இல்லாமல் கிளம்பாதீர்கள்.

1. வயது

பாதி நேரம் இதற்கே போகும், போகட்டும். பிறப்புச் சான்றிதழோ தடுப்பூசி அட்டையோ இருந்தால் தேதியை அதிலிருந்து எடுங்கள். இல்லாதபோது "எத்தனை வயசு?" என்று அம்மாவிடம் கேட்டால் "ரெண்டு இருக்கும்" என்றுதான் பதில் வரும். ஊர்ப் பெரியவர்களிடம் முன்கூட்டியே பேசி, அறுவடை, பெருமழை, தேர்தல், திருவிழா என்று மாதவாரியாக ஒரு பட்டியல் போட்டுக்கொள்ளுங்கள். "அந்த மழைக்கு முன்னாடி பிறந்தானா, பின்னாடியா?" என்று கேட்டால் மாதம் பிடிபடும்.

மூன்று மாதம் தவறினால் என்ன ஆகும் என்று பாருங்கள். 73 செ.மீ. நீளமுள்ள ஆண் குழந்தைக்கு 12 மாதம் என்றால் வளர்ச்சி இயல்புதான். அதே குழந்தைக்கு 15 மாதம் என்றால் வளர்ச்சி குன்றியவன்.

2. எடை

சமதரை, கருவியில் பூஜ்யம், உடம்பில் முடிந்தவரை குறைந்த துணி. 100 கிராம் வரை துல்லியமாக எழுதுங்கள். குழந்தை அழுது புரண்டால் அம்மாவைத் தனியாகவும், குழந்தையைத் தூக்கிக்கொண்டும் நிறுத்திக் கழித்துவிடலாம்.

3. உயரம்

இரண்டு வயதுக்குள் படுக்கவைத்து, அதற்கு மேல் நிற்கவைத்து. இரண்டு பேர் வேண்டும். தலையைப் பலகையோடு ஒட்டிப் பிடிக்க ஒருவர், முழங்காலை அழுத்தி அளவு பார்க்க ஒருவர். செருப்பு, கொண்டை எதுவும் கூடாது. இரண்டு வயதைத் தாண்டியும் நிற்க முடியாத குழந்தையைப் படுக்கவைத்து அளந்தால் 0.7 செ.மீ. கழியுங்கள்.

மாலையில் நோட்டைப் புரட்டுங்கள். எல்லா அளவும் 0-விலோ 5-இலோ முடிந்தால் யாரோ தோராயமாக எழுதியிருக்கிறார்கள். மறுநாள் அவர் பக்கத்திலேயே நில்லுங்கள்.

4. கைச்சுற்றளவு

6 முதல் 59 மாதம் வரை. இடது முழங்கையை மடக்கி, தோள் எலும்பு நுனிக்கும் முழங்கை முனைக்கும் நடுவே புள்ளி வையுங்கள். கையைத் தளர்வாகத் தொங்கவிட்டபின் நாடாவைச் சுற்றுங்கள். சதையை அமுக்கவும் கூடாது, இடைவெளியும் கூடாது. 11.5 செ.மீ.க்குக் குறைவென்றால் கடுமையான ஊட்டக்குறைவு. 11.5-இலிருந்து 12.5-க்குள் மிதமானது.

5. பாதம்

இரு பாதங்களின் மேல்புறத்தையும் கட்டைவிரலால் மூன்று நொடி அழுத்தி எடுங்கள். இரண்டிலும் குழி அப்படியே நின்றால், எடையும் நாடாவும் என்ன சொன்னாலும் அது கடுமையான ஊட்டக்குறைவுதான். ஆரம்பத்தில் சொன்ன கொழுகொழு குழந்தை இதில்தான் பிடிபடும்.

6. அட்டவணையில் ஒப்பிடுவது

உலக சுகாதார நிறுவனம் 2006-இல் வெளியிட்ட வளர்ச்சித் தரங்களில் ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனி அட்டவணை உண்டு, மாற்றிப் பார்த்துவிடாதீர்கள். அதே உயரமோ வயதோ உள்ள ஆரோக்கியமான குழந்தைகளின் நடு அளவிலிருந்து இந்தக் குழந்தை எத்தனை நியம விலகல் (இயல்பான ஏற்ற இறக்கத்தை அளக்கும் அலகு) தள்ளியிருக்கிறது என்பதை ஒரு எண்ணாகச் சொல்வார்கள்; கழித்தல் குறி என்றால் நடு அளவுக்குக் குறைவு. உயரத்துக்கேற்ற எடை −2-க்குக் கீழே இருந்தால் மெலிவு, −3-க்குக் கீழே கடும் மெலிவு. வயதுக்கேற்ற உயரம் −2-க்குக் கீழே என்றால் வளர்ச்சிக் குன்றல்; அது நாள்பட்ட குறை. வயதுக்கேற்ற எடையை மட்டும் வைத்து முடிவெடுப்பதை நான் ஒப்பமாட்டேன். குள்ளமும் மெலிவும் அதில் கலந்துபோகும்.

கடும் மெலிவு, 11.5-க்குக் குறைந்த கை, இரு பாத வீக்கம் இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அன்றைக்கே சுகாதார நிலையத்துக்கு அனுப்புங்கள். கூடவே காய்ச்சலோ வாந்தியோ இருந்தால், அல்லது குழந்தை சாப்பிடவே மறுத்தால், கணக்கை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முதலில் வண்டி ஏற்பாடு செய்யுங்கள்.

வயதுக்கேற்ற உயரம் −6-க்கும் கீழே போயிருந்தால் குழந்தையைச் சந்தேகிக்கும் முன் உங்கள் நோட்டைச் சந்தேகியுங்கள். ஊரைவிட்டுக் கிளம்புவதற்குள் அந்த வீட்டுக்குத் திரும்பிப் போய், வயதிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி எடுங்கள்.