சிஎச்ரூட் பிழைகள்: உள்ளே நுழையும் முன்பே செய்துவிடும் தவறுகள்

லினக்ஸ் பூட் ஆகவில்லை. நிறுவாமலே லினக்ஸை இயக்கித் தரும் லைவ் யுஎஸ்பியைச் செருகி, பழைய சிஸ்டம் இருக்கும் பகிர்வை (வட்டின் பகுதியை) /எம்என்டி அடைவில் மவுண்ட் செய்து (இணைத்து), அதற்குள் நுழைய 'சிஎச்ரூட் /எம்என்டி' என்று தட்டுகிறோம். ஒரே வரியில் பதில் வருகிறது: '/பின்/பாஷ் கட்டளையை இயக்க முடியவில்லை, அப்படி ஒரு கோப்போ அடைவோ இல்லை.' தேடிப் பார்த்தால் பாஷ் (நாம் தட்டும் கட்டளைகளை வாங்கி இயக்கும் ஷெல் நிரல்) அதன் இடத்திலேயே இருக்கிறது. இந்த இடத்தில்தான் பலரும் சோர்ந்துபோய், எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி நிறுவ உட்காருகிறார்கள். பெரும்பாலும் அதற்குத் தேவையே இருக்காது.

சிஎச்ரூட் செய்வது ஒரே ஒரு வேலை. 1979-இல் யூனிக்ஸ் ஏழாம் பதிப்பில் வந்த காலத்திலிருந்து அதே வேலைதான்: ஒரு நிரலுக்கு '/' என்றால் எந்த அடைவு என்பதை மாற்றிக் காட்டுகிறது. வேறு எதையும் அது தொடுவதில்லை. உள்ளே நுழைந்த பிறகும் ஓடிக்கொண்டிருப்பது லைவ் யுஎஸ்பியின் கெர்னல்தான் (இயங்குதளத்தின் மையக்கரு). நெட்வொர்க்கும் சூழல் மாறிகளும்கூட அதனுடையவைதான். கோப்புகள் மட்டும் பழைய சிஸ்டத்துடையவை. எது மாறியது, எது மாறவில்லை என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் சிஎச்ரூட் காட்டும் பிழைகளில் பாதி தானாகவே விளங்கிவிடும்.

'கோப்பு இல்லை' என்று சொன்னால்

அந்தச் செய்தியை நம்பி பாஷைத் தேடுவதுதான் முதல் தவறு. அதன் பின்னால் நான்கு வேறு காரணங்கள் இருக்கலாம்.

அடிக்கடி நடப்பது, தவறான பகிர்வை மவுண்ட் செய்வது. 'எல்எஸ்பிஎல்கே -எஃப்' கொடுத்து ஒவ்வொரு பகிர்வின் கோப்பு முறைமையைப் பாருங்கள். மவுண்ட் செய்ததும் 'எல்எஸ் /எம்என்டி' கொடுங்கள். உங்கள் பயனர் பெயர் மட்டும் தெரிந்தால் அது ஹோம் பகிர்வு. கெர்னல் கோப்புகளும், சிஸ்டத்தை பூட் செய்யும் நிரலான கிரப்பின் அடைவும் மட்டும் தெரிந்தால் அது பூட் பகிர்வு. இடிசி, யுஎஸ்ஆர், வார் மூன்றும் சேர்ந்து தெரிந்தால்தான் சரியான இடம். கோப்பு முறைமை பிடிஆர்எஃப்எஸ் என்றால் இன்னொரு சங்கதி உண்டு. உபுண்டுவில் '@' என்றும், ஃபெடோராவில் 'ரூட்' என்றும் பெயருள்ள துணைத்தொகுதிக்குள் சிஸ்டம் இருக்கும். 'சப்வால்' விருப்பத்தைக் கொடுத்து அதையே மவுண்ட் செய்ய வேண்டும்.

இரண்டாவது, யுஎஸ்ஆர் தனிப் பகிர்வாக இருந்து அதை மவுண்ட் செய்ய மறப்பது. இன்றைய பெரும்பாலான லினக்ஸ் விநியோகங்களில் /பின் என்பது யுஎஸ்ஆருக்குள் இருக்கும் பின் அடைவைக் காட்டும் இணைப்பு மட்டுமே. யுஎஸ்ஆர் வராவிட்டால் அந்த இணைப்பு வெறுமையைத்தான் காட்டும்.

மூன்றாவதுதான் ஆளைக் குழப்பும். பாஷ் கண்முன்னே இருக்கிறது, அளவும் சரியாக இருக்கிறது, ஆனாலும் 'இல்லை' என்கிறது. பாஷைத் தொடங்க கெர்னலுக்கு ஒரு லோடர் வேண்டும். 64 பிட் இன்டெல், ஏஎம்டி கணினிகளில் அது லிப்64 அடைவில் 'எல்டி-லினக்ஸ்' என்று தொடங்கும் பெயரில் இருக்கும். லோடர் காணாமல் போனாலும் கெர்னல் தருவது அதே 'கோப்பு இல்லை' பிழைதான். எது இல்லை என்று அது சொல்வதில்லை. பாதியில் நின்றுபோன அப்டேட்டுக்குப் பிறகு லிப்64 இணைப்பு அழிந்திருக்கலாம். அதைத் திரும்ப உருவாக்கும்போது '/' இல்லாமல் தொடங்கும் பாதையைக் கொடுங்கள். '/' கொண்டு தொடங்கினால், வெளியிலிருந்து பார்க்கும்போது அது லைவ் சிஸ்டத்தின் கோப்பைக் காட்டிவிடும். 'லோடர் இருக்கிறதே' என்று ஏமாந்துபோவோம்.

நான்காவது எளிது. ஷெல் எது என்று சொல்லாமல் விட்டால், லைவ் சிஸ்டத்தில் நீங்கள் பயன்படுத்தும் ஷெல்லையே சிஎச்ரூட் உள்ளேயும் தேடும். ஆர்ச் லினக்ஸின் நிறுவல் யுஎஸ்பியில் இருப்பது இசட்ஷெல். பழைய சிஸ்டத்தில் அது இல்லையென்றால் பிழைதான். கட்டளையின் கடைசியில் '/பின்/பாஷ்' என்று சேர்த்துவிட்டால் தீர்ந்தது.

'எக்ஸெக் ஃபார்மட்' பிழை வந்தால், பெரும்பாலும் 32 பிட் யுஎஸ்பியிலிருந்து 64 பிட் சிஸ்டத்துக்குள் நுழையப் பார்க்கிறீர்கள் என்று பொருள். யுஎஸ்பியை மாற்றுங்கள். 'அனுமதி இல்லை' என்று வந்தால் சூடோ (நிர்வாகி உரிமை) போட்டீர்களா, மவுண்டில் 'நோஎக்ஸெக்' (நிரல்களை இயக்கத் தடை) இருக்கிறதா என்று பாருங்கள்.

உள்ளே போன பிறகு கிரப் அழுதால்

ரூட் பகிர்வை மட்டும் மவுண்ட் செய்து நுழைந்தால், அங்கே /டெவ் அடைவில் வன்தட்டுகள் இருக்காது, /ப்ராக், /சிஸ் இரண்டும் காலியாக இருக்கும். கிரப்பை நிறுவினால் '/ இருக்கும் சாதனத்தைக் கண்டுபிடிக்க முடியவில்லை, /டெவ் மவுண்ட் ஆகியிருக்கிறதா?' என்று கேட்கும். கேள்வியிலேயே பதில் இருக்கிறது. நுழைவதற்கு முன்பே டெவ், ப்ராக், சிஸ், ரன் நான்கையும் 'ஆர்பைண்ட்' கொடுத்து இணைத்துவிடுங்கள். வெறும் 'பைண்ட்' மேல் அடைவை மட்டும்தான் கொண்டுவரும். 'ஆர்பைண்ட்' உள்ளே தனியாக மவுண்ட் ஆகியிருப்பவற்றையும் சேர்த்து எடுத்துவரும். ஒவ்வொன்றுக்கும் 'மேக்-ஆர்ஸ்லேவ்' கொடுக்கவும் மறக்காதீர்கள். ஏன் என்பது கடைசியில் தெரியும்.

இஎஃப்ஐ மாறிகள் (கணினியின் தொடக்க மென்பொருள் வைத்திருக்கும் அமைப்புகள்) இல்லை என்று பிழை வந்தால், லைவ் யுஎஸ்பி எந்த முறையில் பூட் ஆனது என்று பாருங்கள். /சிஸ்/ஃபர்ம்வேர்/இஎஃப்ஐ என்ற அடைவே இல்லையென்றால் அது பழைய பயாஸ் முறையில் வந்திருக்கிறது. உள்ளே என்ன செய்தாலும் பயன் இருக்காது. மறுபடி பூட் செய்து, மெனுவில் யூஇஎஃப்ஐ என்று குறித்திருக்கும் யுஎஸ்பியைத் தேர்ந்தெடுங்கள்.

பிழையே காட்டாத தவறு

இதுவரை சொன்னவை எல்லாம் முகத்துக்கு நேரே சொல்லிவிடும் பிழைகள். எனக்குப் பயம் தருவது சத்தமில்லாமல் நடப்பது.

ஒரு முறை, புதிய கெர்னல் பாதியில் நின்றுபோன மடிக்கணினியைச் சரிசெய்துகொண்டிருந்தேன். சிஎச்ரூட் சுத்தமாக வேலை செய்தது. கெர்னல் தொகுப்பை மறுபடி நிறுவினேன், இனிட்ராம்எஃப்எஸ் (பூட்டின் தொடக்கத்தில் ஏற்றப்படும் சிறு கோப்புத் தொகுப்பு) உருவானது, கிரப் மெனுவும் புதுப்பிக்கப்பட்டது. ஒரு சிவப்பு வரிகூட இல்லை. மறுதொடக்கம் செய்தால் அதே கறுப்புத் திரை. திரும்பவும் அதே வேலைகள், திரும்பவும் அதே திரை. மூன்றாம் முறை, உள்ளே நுழையும் முன் பூட் பகிர்வைத் தனியாகத் திறந்து கோப்புகளின் தேதியைப் பார்த்தேன். எல்லாமே முந்தைய வாரத் தேதி. நான் நிறுவியவை எல்லாம் ரூட் பகிர்வில் இருந்த 'பூட்' என்ற வெற்று அடைவுக்குள் போய் உட்கார்ந்திருந்தன. உண்மையான பூட் பகிர்வை நான் மவுண்ட் செய்யவே இல்லை!

அதிலிருந்து, உள்ளே நுழைந்ததும் முதலில் இடிசி-யில் இருக்கும் எஃப்எஸ்டேப் கோப்பை (எந்தப் பகிர்வு எங்கே மவுண்ட் ஆக வேண்டும் என்ற பட்டியல்) திறந்து பார்ப்பேன். அதில் பூட், இஎஃப்ஐ என்று எத்தனை வரிகள் இருக்கின்றனவோ அத்தனையும் 'ஃபைண்ட்மவுண்ட்' பட்டியலில் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் 'மவுண்ட் -ஏ' கொடுத்தாலே பெரும்பாலும் வந்துவிடும். வரிசையும் முக்கியம்: முதலில் ரூட், அப்புறம் பூட், அதற்குள் இஎஃப்ஐ.

இதே வகையில் இன்னும் இரண்டு. முதலாவது, 'யூநேம் -ஆர்' உள்ளேயும் லைவ் கெர்னலின் பதிப்பைத்தான் சொல்லும். டிராகட் போன்ற கருவிகள் அந்த எண்ணை நம்பித்தான் இனிட்ராம்எஃப்எஸ் செய்யும். எனவே லிப் அடைவில் 'மாட்யூல்ஸ்' உள்ளே இருக்கும் பதிப்பு எண்ணைப் பார்த்து, அதைக் கையால் கொடுங்கள். டெபியன், உபுண்டுவில் அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் கட்டளையோடு '-கே ஆல்' சேர்த்தால் போதும். இரண்டாவது, லக்ஸ் மறையாக்கம் செய்த வட்டு. அதைத் திறக்கும்போது ஏதோ ஒரு பெயர் கொடுத்துவிடுகிறோம். அந்தப் பெயர் கிரிப்ட்டேப் கோப்பில் (மறையாக்கம் செய்த வட்டுகளின் பட்டியல்) இருப்பதோடு பொருந்தாவிட்டால், புதிதாக உருவாகும் இனிட்ராம்எஃப்எஸ்ஸில் வட்டைத் திறக்கும் தகவல் விடுபட்டுப்போகலாம். பூட் ஆகும்போது கடவுச்சொல்லே கேட்காது. முதலில் கிரிப்ட்டேப்பைப் படித்து, அதே பெயரில் மறுபடி திறங்கள்.

ஃபெடோரா போல எஸ்இலினக்ஸ் பாதுகாப்பு அமைப்பு இருக்கும் சிஸ்டத்தில் கடவுச்சொல்லை மாற்ற மட்டும் உள்ளே போயிருந்தால், வெளியே வருமுன் ரூட்டில் '.ஆட்டோரீலேபல்' என்ற வெற்றுக் கோப்பை உருவாக்குங்கள். இல்லாவிட்டால் புதிய கடவுச்சொல் சரியாக இருந்தும் உள்ளே விடாமல் போகலாம்.

சில்லறைத் தொல்லைகள்

ஆர்ச் யுஎஸ்பியிலிருந்து டெபியனுக்குள் போனால் 'அப்டேட்-கிரப்' கட்டளையே இல்லை என்று சொல்லக்கூடும். காரணம், கட்டளைகளை எங்கே தேடுவது என்று சொல்லும் 'பாத்' மாறி வெளியிலிருந்து வந்தது, அதில் எஸ்பின் அடைவுகள் இல்லை. 'பாஷ் -எல்' கொடுத்து நுழையுங்கள். உள்ளே இணையதளப் பெயர்களுக்கு முகவரி கிடைக்கவில்லையென்றால் ரிசால்வ்.கான்ஃப் கோப்பைப் பாருங்கள். பல சிஸ்டங்களில் அது /ரன் அடைவுக்குள் சுட்டும் இணைப்பு. ரன் இணைத்திருந்தால் பெரும்பாலும் பிரச்சினை இருக்காது. 'சிஸ்டம்சிடிஎல் ஸ்டார்ட்' வேலை செய்யாதது பிழையே அல்ல, அங்கே சேவைகளை நடத்தும் சிஸ்டம்டி ஓடவில்லை. 'இனேபிள்' மட்டும் வேலை செய்யும், அதுவே போதும்.

ஆர்ச் யுஎஸ்பியில் இருக்கும் 'ஆர்ச்-சிஎச்ரூட்' டெவ், ப்ராக், சிஸ் எல்லாவற்றையும் தானே இணைத்துவிடும். கையில் இருந்தால் தாராளமாகப் பயன்படுத்துங்கள். ஆனால் பூட் பகிர்வை நீங்கள்தான் மவுண்ட் செய்ய வேண்டும்.

வெளியே வரும்போது

வேலை முடிந்ததும் /எம்என்டி அடைவை ஆர்எம் கொண்டு அழித்துச் சுத்தம் செய்யலாம் என்று ஒருபோதும் நினைக்காதீர்கள். அதற்குள் உண்மையான டெவ், சிஸ் இணைந்திருக்கின்றன. 2016-இல் இப்படி இஎஃப்ஐ மாறிகள் அழிந்து சில மடிக்கணினிகள் பயாஸ் திரைகூட வராமல் செத்துப்போனது பெரிய விவாதமானது. அதன் பிறகுதான் கெர்னலில் அந்த மாறிகளுக்குக் காப்பு வந்தது.

'எக்ஸிட்' கொடுத்து வெளியே வந்து 'யூமவுண்ட் -ஆர் /எம்என்டி' (பெரிய எழுத்து ஆர்) கொடுங்கள். மேக்-ஆர்ஸ்லேவ் செய்யாமல் விட்டிருந்தால், இந்தக் கட்டளை லைவ் சிஸ்டத்தின் சொந்த டெவ், சிஸ் அடைவுகளுக்குள் இருப்பவற்றையும் கழற்றிவிடும், புதிய டெர்மினல்கூடத் திறக்காது. 'டார்கெட் பிஸி' என்று வந்தால் வேறு ஏதோ டெர்மினல் /எம்என்டி அடைவுக்குள் நிற்கிறது. 'ஃப்யூசர் -விஎம்' யார் என்று காட்டும். அதை மூடிவிட்டு மறுபடி யூமவுண்ட் செய்யுங்கள். எந்தச் செய்தியும் இல்லாமல் கட்டளை முடிந்தால் யுஎஸ்பியை எடுத்துவிட்டு மறுதொடக்கம் செய்யலாம்.